கண்டிப் பக்கம் சில மாதங்களுக்கு வாடகை வீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோட்டங்களில் இருந்தும், ஹட்டன், தலவாக்கலை, பூண்டுலோயா, புசல்லாவை போன்ற ஊர்களில் இருந்தும் கண்டிக்கு வந்து கொஞ்ச காலம் தங்க வேண்டிய தேவை நம்மில் பல குடும்பங்களுக்கு வருகிறது. அப்பாவுக்கு ஒப்பரேஷன், பிள்ளைக்குச் சிறுவர் வைத்தியசாலையில் தொடர் சிகிச்சை, தம்பிக்கு மூன்று மாதக் கோர்ஸ், புதிதாகக் கிடைத்த வேலையில் பயிற்சிக் காலம். வருடக் கணக்கில் வீடு எடுப்பவர்களுக்கு வழி காட்ட ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு மாதம், இரண்டு மாதம், ஆறு மாதம் என்று தேடுபவர்கள்தான் அலைகிறார்கள், அவசரத்தில் அதிகக் காசும் கொடுக்கிறார்கள். சொந்தக்காரர்களுக்கும் தெரிந்தவர்களுக்கும் இந்தப் பக்கம் அறை தேடிக் கொடுத்த பழக்கத்தில், என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

முதலில் எந்தப் பகுதியில் தேடுவது?

தினமும் எங்கே போய் வர வேண்டும் என்பதை வைத்துத்தான் பகுதியை முடிவு செய்ய வேண்டும். "கண்டியில் ஒரு வீடு" என்று பொதுவாகத் தேடினால் வழி தவறும்.

கண்டி தேசிய வைத்தியசாலைக்கு என்றால் சுதுஹும்பொல, முல்கம்பொல, கெட்டம்பே பக்கம் வசதி. நடந்தோ ஒரே பஸ்ஸிலோ போய்விடலாம். பேராதனை போதனா வைத்தியசாலை, சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலை, பல் வைத்தியசாலை, பல்கலைக்கழகம் எல்லாமே பேராதனையில்தான் இருக்கின்றன. அவற்றுக்காக வருபவர்கள் கண்டி டவுனுக்குள் வீடு எடுப்பதில் அர்த்தம் இல்லை. பேராதனை, கன்னொறுவ, பிலிமத்தலாவ, அல்லது கம்பளை வீதியில் கெலிஓயா வரைக்கும் பாருங்கள். டவுனில் இருந்து தள்ளிப்போகப் போக வாடகை இறங்கும், ஆனால் பிரதான வீதியை விட்டு மேலே ஏறும் கிளை வீதிகளில் ஆட்டோ காசு சேர்ந்துவிடும்.

கம்பளைக்கு வேறொரு நன்மை உண்டு. நுவரெலியா, ஹட்டன் இரண்டு பக்கத்துக்கும் பஸ் அங்கேயே கிடைக்கும். வார இறுதியில் வீட்டுக்குப் போய் வருபவர்களுக்குக் கண்டி நெரிசலுக்குள் நுழையாமல் தப்பலாம். தமிழ் பேசுபவர்கள் நிறைய இருப்பதால் கடையிலும் வாடகை பேசும்போதும் மொழிச் சிக்கலும் குறைவு. ஆனால் கம்பளையில் இருந்து கண்டிக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல். காலையில் பேராதனைப் பாலத்தடியில் வாகனம் நிற்கும் நேரத்தையும் கணக்கில் எடுங்கள்.

கட்டுகஸ்தோட்டை, குண்டசாலை, திகன பக்கம் வீடுகள் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் ஆஸ்பத்திரிக்கு டவுனில் இறங்கி இன்னொரு பஸ் மாற வேண்டும். நோயாளியோடு இரண்டு பஸ் மாறுவது லேசான காரியம் இல்லை. அக்குறணையில் எடுப்பதாக இருந்தால் பிங்கா ஓயா ஆற்றின் கரையோரத்தைத் தவிருங்கள். கடும் மழையில் அந்த டவுனுக்குள் தண்ணீர் வருவது ஊரறிந்த விஷயம்.

ரயிலை நம்பி எடுக்கலாமா?

நாவலப்பிட்டி, கம்பளை, பேராதனைச் சந்தி, கண்டி என்று ரயில் பாதை போகிறது, கட்டணமும் பஸ்ஸை விடக் குறைவு. ஆனால் 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயல் மலைநாட்டு ரயில் பாதையைப் பல இடங்களில் பெயர்த்துப் போட்டது. உங்களுக்குத் தேவையான பகுதியில், உங்களுக்குத் தேவையான நேரத்தில் ரயில் ஓடுகிறதா என்று நிலையத்திலேயே கேட்டுவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள். பஸ்ஸை வைத்துக் கணக்குப் போட்டு, ரயில் இருந்தால் லாபம் என்று வைத்துக்கொள்வதுதான் என் வழக்கம்.

போர்டிங், அனெக்ஸ், தனி வீடு: எதைக் கேட்பது?

போர்டிங் என்றால் ஒரு அறை, பொதுக் குளியலறை, சில இடத்தில் சாப்பாடும் சேர்த்து. படிக்கிற பிள்ளைக்கும் தனி ஆளுக்கும் போதும். பொம்பளைப் பிள்ளைகளுக்கு மட்டும், ஆண்களுக்கு மட்டும் என்று பிரித்திருப்பார்கள். சமைக்க விடுவார்களா, இரவு எத்தனை மணிக்குக் கேட்டைப் பூட்டுவார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அனெக்ஸ் என்பது வீட்டுக்காரர் வீட்டோடு ஒட்டிய சிறு பகுதி. தனி வாசல், ஒரு அறை, சின்னச் சமையலறை, குளியலறை இருக்கும். குடும்பமாகச் சில மாதம் தங்க இதுதான் சரி என்பேன். நோயாளிக்குக் கஞ்சி வைக்கலாம், சுடுதண்ணி வைக்கலாம், ராத்திரியில் அவசரம் என்றால் கூப்பிட பக்கத்தில் வீட்டுக்காரரும் இருப்பார்.

தனி வீட்டைக் குறுகிய காலத்துக்குத் தர எல்லோரும் சம்மதிப்பதில்லை. தந்தாலும் அட்வான்ஸ் கூடக் கேட்பார்கள். அப்பார்ட்மெண்ட் என்று விளம்பரப்படுத்தப்படுபவை பெரும்பாலும் சுற்றுலாக்காரர்களை மனதில் வைத்து நாள் கணக்கில் விடப்படுபவை. ஒரு கிழமைக்குள் முடிகிற வேலை என்றால் அதையோ ஒரு கெஸ்ட் ஹவுஸ் அறையையோ எடுக்கலாம். இரண்டு கிழமை தாண்டும் என்றால் மாத வாடகைக்கு ஒரு அனெக்ஸ் எடுப்பதே மலிவாக முடியும், மாதத்தில் பாதி நாள் பூட்டிக் கிடந்தாலும்கூட.

வாடகை எவ்வளவு என்றால் நியாயம்?

ஒரு தொகையைச் சொன்னால் அது நாளைக்கே பிழையாகிவிடும். கணக்குப் போடும் முறையைச் சொல்கிறேன்.

டவுனுக்குள் ஒரு அனெக்ஸ் மாதம் 40,000 ரூபா, கம்பளையில் அதே மாதிரி ஒன்று 25,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். கம்பளையில் இருந்து தினமும் போய் வர ஆளுக்கு 300 ரூபா என்போம். இவை கணக்குக்காக எடுத்த தொகைகள், நீங்கள் தேடும் நாளில் உள்ளதைப் போட்டுப் பாருங்கள். ஒருவர் மட்டும் தினமும் போய் வந்தால் மாதம் 9,000 ரூபா பஸ்ஸுக்கு, மொத்தம் 34,000. கம்பளை லாபம். இரண்டு பேர் போய் வந்தால் பஸ்ஸுக்கே 18,000, மொத்தம் 43,000. இப்போது டவுன்தான் மலிவு.

ஆஸ்பத்திரி வேலையாக வருபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பகல் ஒரு தடவை, மாலை ஒரு தடவை பார்வையாளர்களை விடுவார்கள். தூரத்தில் தங்கினால் இடையில் உள்ள நேரம் முழுக்க வெளியே உட்கார்ந்திருக்க வேண்டும், மத்தியானச் சாப்பாட்டைக் கடையில் வாங்க வேண்டும். பக்கத்தில் தங்கினால் வீட்டுக்குப் போய்ச் சமைத்து, கழுவிய உடுப்பும் சாப்பாடும் எடுத்துக்கொண்டு மாலையில் திரும்பலாம். வாடகைப் பட்டியலில் தெரியாத இந்தச் செலவுதான் மாதக் கடைசியில் ஆளைத் திணறடிக்கிறது.

ஆகவே வாடகை, போக்குவரத்து, கரண்ட், தண்ணீர், வெளிச் சாப்பாடு எல்லாவற்றையும் கூட்டிய தொகையை வைத்தே இரண்டு வீடுகளை ஒப்பிடுங்கள்.

எங்கே போய்க் கேட்பது?

நல்ல அனெக்ஸ்கள் பல விளம்பரத்துக்கு வருவதே இல்லை. வாய்வழியாகப் போய்விடுகின்றன. வைத்தியசாலைக்குப் பக்கத்தில் உள்ள பார்மசி, பலசரக்குக் கடை, சாப்பாட்டுக் கடை, ஆட்டோ தரிப்பிடம் ஆகியவற்றில் கேளுங்கள். அந்த வீதியில் யார் வீட்டில் அறை காலி என்பது ஆட்டோக்காரருக்குத் தெரியாமல் இருக்காது. வார்டில் நீண்ட நாளாக இருக்கும் நோயாளிகளின் வீட்டாரிடமும் கேளுங்கள். அவர்கள் வீட்டுக்குக் கிளம்பும் நாளில் அவர்கள் இருந்த அறை உங்களுக்குக் கிடைக்கலாம். எனக்குத் தெரிந்து மிகச் சுலபமாகக் கிடைத்த அறைகள் இப்படிக் கைமாறியவைதான்.

கட்டுக்கலை செல்வ விநாயகர் கோவில் போல நம் ஆட்கள் கூடும் இடங்களில் வெள்ளிக்கிழமை பூசைக்குப் போனால் நாலு பேரிடம் விசாரிக்கலாம். கண்டியில் வேலை செய்யும் உங்கள் ஊர் ஆசிரியர், தாதி, வங்கி ஊழியர் யாராவது இருந்தால் அவர்களிடம் சொல்லி வையுங்கள். தெரிந்தவர் ஒருவர் பேர் சொல்லி அனுப்பினால் வீட்டுக்காரரின் பாதித் தயக்கம் போய்விடும்.

இணையத்தில் இக்மன் விளம்பரத் தளமும் ஃபேஸ்புக்கில் உள்ள வாடகைக் குழுக்களும் பயன்படும். ஊர்ப் பெயரைத் தமிழில் மட்டும் தேடாமல் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் தேடுங்கள். அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்கள் தமிழில் விளம்பரம் போடுவது குறைவு.

தரகர் வேண்டுமா?

அவசரம் என்றால் பிடிக்கலாம். ஒரு மாத வாடகையையோ பாதியையோ கூலியாகக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு வருட வீட்டுக்கு அது தாங்கும். இரண்டு மாதத்துக்கு எடுப்பவர் ஒரு மாத வாடகையைத் தரகருக்குக் கொடுத்தால் வாடகை ஒன்றரை மடங்காகிவிடும். தங்கும் காலத்தை முதலிலேயே சொல்லி, கூலியைக் குறைத்துப் பேசிக்கொள்ளுங்கள். வீட்டைக் காட்டுவதற்கு மட்டும் காசு கேட்பவரை விட்டுவிடுங்கள்.

படத்தைப் பார்த்துப் பிடித்துவிட்டது. முன்பணம் அனுப்பி வைக்கச் சொல்கிறார்கள். அனுப்பலாமா?

அனுப்பாதீர்கள். வீட்டை நீங்களோ உங்கள் ஆளோ நேரில் பார்த்து, உள்ளே நுழைந்து, வீட்டுக்காரரைக் கண்டு பேசும்வரை ஒரு ரூபாகூட வங்கிக்குப் போகக் கூடாது. வாடகை மற்ற வீடுகளை விட மிகக் குறைவு, ஆள் வெளிநாட்டில் இருக்கிறார், சாவி கூரியரில் வரும், இன்றைக்கே காசு போட்டால்தான் கிடைக்கும் என்று சொன்னால் அது ஏமாற்று வேலை. வேறொருவர் வீட்டுப் படத்தைத் திருடிப் போட்டிருப்பார்கள்.

தூரத்தில் இருப்பதால் உடனே வர முடியாது என்றால், கண்டியில் உள்ள தெரிந்தவர் ஒருவரை அனுப்பி அங்கிருந்து வாட்ஸ்அப் வீடியோவில் காட்டச் சொல்லுங்கள். வாசல், வீதி, பக்கத்து வீடு எல்லாம் சேர்ந்து தெரிய வேண்டும்.

"மூன்று மாதத்துக்கெல்லாம் தர முடியாது" என்கிறார்கள். என்ன செய்வது?

வீட்டுக்காரரின் பயம் நியாயமானது. ஒவ்வொரு மூன்று மாதத்துக்கும் ஆள் தேடி, சுத்தம் செய்து, மறுபடி பேச வேண்டும். அந்தப் பயத்தைக் குறைக்க உங்களிடம் சில வழிகள் உண்டு. முழுக் காலத்துக்குமான வாடகையை இரண்டு தவணையில் முன்கூட்டித் தருவதாகச் சொல்லலாம். வெளியேறும் திகதியை எழுதிக் கொடுத்து, அதற்கு ஒரு மாதம் இருக்கும்போதே அடுத்தவருக்கு அறையைக் காட்ட விடுவதாகச் சொல்லலாம். ஏன் வருகிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், கிளினிக் புத்தகத்தையோ கோர்ஸ் கடிதத்தையோ காட்டுங்கள். எந்தத் தேவைக்காக ஒரு குடும்பம் வருகிறது என்று தெரிந்தால் மனம் இளகுபவர்கள் கண்டிப் பக்கம் நிறையவே இருக்கிறார்கள்.

ஆறு மாதம் என்று பொய் சொல்லி எடுத்துவிட்டு இரண்டு மாதத்தில் கிளம்பாதீர்கள். அட்வான்ஸ் போகும். உங்களுக்குப் பிறகு நம் பக்கத்தில் இருந்து வருபவருக்கும் அந்தக் கதவு மூடிக்கொள்ளும்.

அட்வான்ஸ் எவ்வளவு கொடுப்பது?

குறுகிய காலத்துக்கு ஒரு மாத வாடகை அளவு போதும் என்று பேசிப் பாருங்கள். ஆறு மாத அட்வான்ஸ் கேட்பவரிடம் மூன்று மாதம் மட்டும் தங்க வருபவர் தலையாட்டக் கூடாது. அந்தக் காசு திரும்பி வரும்வரை உங்கள் கை கட்டப்பட்டிருக்கும்.

"அட்வான்ஸ்" என்றாலும் எல்லோரும் ஒன்றையே நினைப்பதில்லை. சிலர் அதை வைப்பாக வைத்திருந்து போகும்போது தருவார்கள். சிலர் மாதா மாதம் வாடகையில் கழிப்பார்கள். சிலர் கடைசி மாத வாடகைக்கு வைத்துக்கொள்வார்கள். எது என்று கொடுப்பதற்கு முன்னமே தெளிவாகப் பேசி, பற்றுச்சீட்டிலும் அதை எழுதி வாங்குங்கள்.

எழுத்தில் என்ன இருக்க வேண்டும்? நொத்தாரிசிடம் போக வேண்டுமா?

இலங்கையில் 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, நொத்தாரிசு ஒருவர் முன்னிலையில், குறைந்தது இரண்டு சாட்சிகளோடு எழுதிக் கையெழுத்திடப்பட்டால்தான் குத்தகையாகச் செல்லுபடியாகும். ஒரு மாதமோ அதற்குக் குறைவோ என்றால் அது தேவையில்லை.

நடைமுறையில் சில மாதங்களுக்கு அறை எடுப்பவர்கள் யாரும் நொத்தாரிசிடம் போவதில்லை. மாதா மாதம் வாடகை கட்டி மாத வாடகைக்காரராக இருப்பார்கள். ஆறு மாத வாடகையை மொத்தமாகக் கொடுப்பதாக இருந்தால் மட்டும் செலவைப் பார்க்காமல் நொத்தாரிசிடம் போய்விடுங்கள். பெரிய தொகை கைமாறும் இடத்தில் அந்தப் பத்திரம்தான் உங்களுக்குத் துணை.

மற்றவர்களுக்கு ஒரு தாள் போதும். இரண்டு பேரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், வீட்டு முகவரி, வாடகை, எந்தத் திகதிக்கு, அட்வான்ஸ் தொகையும் அதன் தன்மையும், கரண்ட் தண்ணீர் கணக்கு எப்படி, எத்தனை பேர் தங்குவது, எத்தனை நாள் முன்னறிவித்தல். இவ்வளவையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். சிங்களத்தில் எழுதியிருந்தால் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டாமல் கையெழுத்திட வேண்டாம். வாடகையை வங்கி மூலம் அனுப்பினால் பதிவு தானாக இருக்கும். கையில் கொடுத்தால் ஒவ்வொரு மாதமும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். தெரிந்தவரிடம் சீட்டு கேட்க நமக்குக் கூச்சம் வரும். கேட்டுத்தான் ஆக வேண்டும்.

கரண்ட் பில்லை எப்படிப் பேசுவது?

வாடகைக்கு அடுத்தபடி சண்டை வருவது இதில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வீட்டுக் கரண்ட் ஒரே விலைக்குக் கிடைப்பதில்லை. பாவித்த யூனிட் கூடக் கூட யூனிட்டின் விலையும் ஏறும். மாதம் 60 யூனிட்டுக்குள் இருப்பவருக்கு ஒரு அட்டவணை. 60 ஐத் தாண்டினால் வேறு அட்டவணை, அதில் முதல் யூனிட்டில் இருந்தே விலை கூட. அதன் பிறகு 90, 120, 180 என்று படி ஏறிக்கொண்டே போகும்.

அனெக்ஸுக்குத் தனி மீட்டர் இருந்தால் பிரச்சினை இல்லை. உங்கள் பாவனைக்கு உங்கள் பில். வீட்டுக்காரரும் நீங்களும் ஒரே மீட்டரில் இருந்தால்தான் சிக்கல். அவர்கள் 80, நீங்கள் 40 என்றாலும் பில் 120 யூனிட்டுக்கு உரிய விலையில் வரும். தனியாக இருந்தால் 40 யூனிட்டுக்குக் கட்டும் காசை விட மிகக் கூடுதலாக உங்கள் பங்கு வரலாம். உங்கள் பகுதிக்கு ஒரு உப மீட்டர் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் யூனிட்டுக்கு எவ்வளவு என்று முன்கூட்டிப் பேசலாம். இல்லாவிட்டால் மாதம் ஒரு நிலையான தொகை என்று முடித்துக்கொள்வது நல்லது. "பில் வந்த பிறகு பார்ப்போம்" என்பது ஒத்துவராது.

குடிபுகும் அன்றே மீட்டரைத் திகதியோடு படம் எடுத்து வீட்டுக்காரருக்கும் அனுப்பிவிடுங்கள். முன்பு இருந்தவர் வைத்த பாக்கி உங்கள் தலையில் விழாமல் இருக்க, கடைசி பில்லையும் காட்டச் சொல்லுங்கள்.

பிறகு சுடுதண்ணி. குளியலறையில் பூட்டியிருக்கும் உடனடி ஹீட்டர் 5 கிலோவாட் என்றால் பன்னிரண்டு நிமிடத்தில் ஒரு யூனிட் போகும். நாலு பேர் ஆளுக்கு ஆறு நிமிடம் குளித்தால் நாளுக்கு இரண்டு யூனிட், மாதத்துக்கு 60. குளிப்பதற்கே அந்த மலிவான அட்டவணை முடிந்துபோகிறது. கட்டுகஸ்தோட்டை, குண்டசாலை பக்கம் ஹீட்டர் இல்லாமலே சமாளிக்கலாம். நுவரெலியாவில் அது முடியாது.

தண்ணீர்?

குழாய்த் தண்ணீரா, கிணறா, மலையில் இருந்து வரும் பீலித் தண்ணீரா என்று கேளுங்கள். மேட்டில் உள்ள வீடுகளுக்குக் காலையில் அழுத்தம் குறையும். டேங்க் இருக்கிறதா, அது உங்களுக்கும் சேர்த்தா என்று பாருங்கள். முடிந்தால் காலை ஏழு மணிக்கு வீடு பார்க்கப் போய் எல்லாக் குழாயையும் திறந்து பாருங்கள். மழைக்குப் பிறகு கலங்கி வரும் தண்ணீரை நோயாளிக்கும் குழந்தைக்கும் கொதிக்க வைத்தே கொடுக்க வேண்டும்.

வீட்டைப் பார்க்கப் போகும்போது எதைக் கவனிப்பது?

தரை, கூரை, பூட்டு, ஜன்னல் எல்லாம் எல்லோரும் பார்ப்பதுதான். மலைநாட்டில் அதற்கு முன் வீட்டின் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும்.

மலைச்சரிவைச் செங்குத்தாக வெட்டி, அந்த வெட்டுக்கு ஒட்டி வீடு கட்டுவது இங்கே சாதாரணம். மலிவாகக் கிடைக்கும் அனெக்ஸ் பெரும்பாலும் அந்தப் பின்பக்கத்தில்தான் இருக்கும். ஜன்னலைத் திறந்தால் ஒரு கை தூரத்தில் மண் சுவர் நிற்கும். அப்படி இருந்தால் வெளியே போய் அந்த வெட்டை நின்று பாருங்கள். தாங்கு சுவர் இருக்கிறதா? இருந்தால் தண்ணீர் வெளியேற அதில் துளைக் குழாய் விட்டிருக்கிறதா, அது அடைபட்டுப் பாசி பிடித்திருக்கிறதா? சுவர் வயிறு தள்ளி நிற்கிறதா? மேலே உள்ள மரங்களும் கரண்ட் கம்பங்களும் சாய்ந்திருக்கின்றனவா? வீட்டுத் தரையிலும் சுவரிலும் புது வெடிப்பு உண்டா, கதவு நிலையில் சிக்குகிறதா? முன்பு இல்லாத இடத்தில் ஊற்று கிளம்பிச் சேற்றுத் தண்ணீர் வருகிறதா? நிலம் நகரத் தொடங்குவதன் அறிகுறிகள் இவை. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த வீடு வேண்டாம்.

2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் தோட்டக் குடியிருப்புகளான லயன்கள் மண்ணுக்குள் போனதை நம் மக்கள் மறக்கவில்லை. டித்வா நாட்களில் கண்டி, நுவரெலியா, பதுளை, மாத்தளை மாவட்டங்களில் எத்தனை இடங்களில் மலை இறங்கியது என்பதையும் பார்த்தோம். அந்த நாட்களில் இந்த வீட்டில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள், வெளியேறச் சொன்னார்களா என்று வீட்டுக்காரரிடமும் பக்கத்து வீட்டிலும் தனித்தனியே கேளுங்கள். கிராம சேவகரிடமும் விசாரிக்கலாம்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று நிறங்களில் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக வெளியிடுகிறது. மஞ்சள் என்றால் விழிப்பாக இருங்கள், செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராக இருங்கள், சிவப்பு என்றால் வெளியேறிவிடுங்கள். நீங்கள் தங்கும் வீடு எந்தப் பிரதேச செயலகப் பிரிவில் வருகிறது என்று முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள். சொந்த ஊரின் பிரிவு தெரிந்திருக்கும், வாடகை ஊரின் பிரிவு பலருக்குத் தெரியாது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117, பொலிஸுக்கு 119, அம்புலன்ஸுக்கு 1990.

ஆற்றோரமும் இதே போலத்தான். கம்பளை, பேராதனை, கட்டுகஸ்தோட்டை மூன்றுமே மகாவலியை ஒட்டியவை. வெள்ளம் எதுவரை ஏறியது என்று கேட்டு, அந்த மட்டத்துக்கு மேலே உள்ள வீடாக எடுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகு உள்ளே வந்து அலமாரியை நகர்த்திச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். ஈரமும் பூஞ்சணமும் உள்ள அறை இளைப்பு நோய்க்காரருக்கும் ஒப்பரேஷன் செய்தவருக்கும் ஆகாது.

தோட்டத்து முகவரி என்றதும் தயங்குகிறார்கள். கரண்ட் பில் கேட்கிறார்கள், எங்கள் பேரில் பில் இல்லை.

இது வேதனையான விஷயம். லயனில் தலைமுறையாக இருந்தும் தனி வீட்டு இலக்கமோ தங்கள் பேரில் ஒரு பில்லோ இல்லாத குடும்பங்கள் ஏராளம். அதை நம் குறையாக நினைத்துத் தலை குனிய வேண்டியதில்லை. உங்கள் கிராம சேவகரிடம் வதிவிடச் சான்றிதழ் எடுத்து, பிரதேச செயலகத்தில் மேலொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டைப் பிரதியோடு அதைக் கொடுத்தால் பெரும்பாலானவர்களுக்குப் போதும். அவசரத்தில் கிளம்புபவர்களுக்கு அதை எடுக்க நேரம் இருக்காது என்பதால், கிளினிக் திகதி தெரிந்த உடனேயே எடுத்துவிடுங்கள். அடையாள அட்டைப் பிரதி கொடுக்கும்போது அதன் குறுக்கே "வீட்டு வாடகைக்காக மட்டும்" என்று திகதியோடு எழுதிக் கொடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் தமிழர் என்றோ தோட்டத்தார் என்றோ மறுப்பவர் இருந்தால் அங்கே வாதாடி நேரத்தை வீணாக்காதீர்கள். தருபவர்கள் இருக்கிறார்கள். தயக்கத்தோடு தந்த வீட்டுக்காரர், நாம் கிளம்பும்போது பிள்ளைகளைக் கட்டிப்பிடித்து அனுப்பியதையும் கண்டிருக்கிறேன்.

சிங்களம் சரியாகத் தெரியாது. எப்படிப் பேசுவது?

முதல் தொலைபேசிப் பேச்சுக்கு மட்டும் தெரிந்த ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள், நேரில் சமாளித்துவிடலாம். பெரியவர்களை மாத்தயா, நோனா என்றும், நம் வயதை ஒத்தவர்களை ஐயே, அக்கே என்றும் கூப்பிட்டால் போதும். "குலியட தீமட்ட" என்று பலகை தொங்கினால் அது வாடகைக்கு. தொகையையும் திகதியையும் வாயால் மட்டும் பேசாமல் தாளில் எழுதிக் காட்டி ஒப்புக்கொள்ளுங்கள். இலக்கத்தில் குழப்பம் வராது.

எந்த மாதங்களில் கஷ்டம்?

கண்டியில் எசல பெரஹரா ஊர்வலம் நடக்கும் ஜூலை, ஆகஸ்ட் நாட்களில் டவுனுக்குள் அறை விலை எகிறும். மாத வாடகைக்கு விடுபவர்கள்கூட நாள் வாடகைக்கு மாற்றிவிடுவார்கள். அந்தக் காலம் உங்கள் தங்குதலுக்குள் வந்தால், பெரஹராவுக்காக உங்களை வெளியேற்றக் கூடாது என்று வீட்டுக்காரரிடம் முன்பே பேசிக்கொள்ளுங்கள். நுவரெலியாவில் ஏப்ரல் சீசன். ஹட்டன், மஸ்கெலியா பக்கம் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி வெசாக் வரை சிவனொளிபாதமலைக் காலம், வார இறுதிகளில் நெரிசல்.

நுவரெலியா, பதுளை பக்கமும் இதே முறைதானா?

பெரும்பாலும். நுவரெலியாவில் சுற்றுலாக்காரர்களுக்கு விடுவதே லாபம் என்பதால் மாத வாடகைக்கு அறை கிடைப்பது அரிது. நானுஓயா, கந்தப்பளை பக்கம் தேடினால் கிடைக்கும். பதுளையில் போதனா வைத்தியசாலைக்கும் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்துக்கும் வருபவர்களால் போர்டிங் தாராளம், ஆனால் புது மாணவர்கள் சேரும் காலத்தில் எல்லாம் நிரம்பிவிடும். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரிக்கு வேலையாக வருபவர்கள் கொட்டகலையிலும் ஹட்டனிலும் கேட்கலாம்.

வீட்டுச் சாமான் எவ்வளவு கொண்டு வருவது?

கட்டில், மெத்தை, மேசை உள்ள அறையாகக் கேளுங்கள். லொறி பிடித்துச் சாமான் ஏற்றினால் மிச்சம் பிடித்த வாடகை அதிலேயே போகும். கேஸ் அடுப்பு இல்லாவிட்டால் 5 கிலோ சிலிண்டர் ஒன்று போதும், 12.5 கிலோ வேண்டாம். கம்பளி, ரைஸ் குக்கர், வாளி, ஒரு நல்ல பூட்டு. கதவுக்கு உங்கள் சொந்தப் பூட்டைப் போட அனுமதி கேளுங்கள்.

இடையில் வீட்டை விட வேண்டி வந்தால்? போகும் நாளில் என்ன செய்வது?

டாக்டர் எதிர்பார்த்ததற்கு முன்பே வீட்டுக்கு அனுப்பலாம், இன்னும் ஒரு மாதம் இருக்கவும் சொல்லலாம். அதனால் ஆரம்பத்திலேயே "இரண்டு கிழமை முன்னறிவித்தல் தந்தால் மீதி வாடகையைத் திருப்பித் தருவது, வேண்டுமானால் ஒரு மாதம் நீட்டுவது" என்ற ஒரு வரியைத் தாளில் சேர்த்துவிடுங்கள். பின்னால் கெஞ்ச வேண்டி வராது.

போகும் நாளுக்கு முதல் நாள், பகல் வெளிச்சத்தில், வீட்டுக்காரரோடு அறையைச் சுற்றிப் பாருங்கள். குடிபுகும்போது எடுத்த படங்களைத் திறந்து வைத்துக்கொண்டால் பழைய வெடிப்புக்கும் கறைக்கும் காசு கழிக்க முடியாது. மீட்டரை மறுபடி படம் எடுங்கள். கடைசி கரண்ட் பில் இன்னும் வரவில்லை என்று அட்வான்ஸ் முழுவதையும் நிறுத்தி வைக்கப் பார்ப்பார்கள். மீட்டர் கணக்குப்படி ஒரு தொகையை மட்டும் நிறுத்திக்கொண்டு மீதியை அன்றே தரச் சொல்லுங்கள். சாவியைக் கொடுத்ததாகவும் அட்வான்ஸ் வாங்கியதாகவும் அதே பழைய தாளின் அடியில் எழுதி இருவரும் கையெழுத்திட்டால் கணக்கு முடிந்தது. அந்த வீட்டுக்காரரின் தொலைபேசி இலக்கத்தை, அவர் சம்மதத்தோடு, வார்டில் அடுத்து அறை தேடிக்கொண்டிருக்கும் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.